வாசல்காரர் ஊருக்குப் போன வீரசிங்கத்தார்

அன்புவழிபுரத்தில் வீரசிங்கத்தாரைப் பற்றிக் கெட்ட கதை சொல்ல ஒருவரும் இல்லை. நல்ல கதை சொல்லவும் பெரிதாக ஆள் இல்லை. மனிதர் அப்படி. கடைக்கு வருவார், பாண் வாங்குவார், போவார். பாண் நேற்றையதா இன்றையதா என்று கேட்கமாட்டார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கமாட்டார். வந்தால் ஏறுவார், வராவிட்டால் நடப்பார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். அதற்கும் ஒரு சின்னச் சிரிப்புத்தான் பதில்.

பிறந்தது இலங்கைத்துறையில். தகப்பன் கரைவலை இழுத்தவர். மகன் கடலுக்குப் போகாமல் படித்து, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை மேற்பார்வையாளராகி, வள்ளியம்மாவைக் கலியாணம் முடித்து, திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார். வேலை மட்டும் பிறந்த பக்கத்திலேயே வாய்த்தது. வெருகல், ஈச்சிலம்பற்று என்று வாய்க்காலும் மதகுமாக அலைகிற வேலை. திங்கட்கிழமை லோஞ்சு ஏறிக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போவார். அங்கிருந்து பஸ்ஸோ உழவு மெசினோ எது கிடைக்கிறதோ அதைப் பிடித்து வேலையிடம். வெள்ளிக்கிழமை திரும்பி வருவார். சண்டை மூண்ட பிறகு மதகு உடைந்தால் கட்டுவதற்குச் சீமெந்து கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே உடைந்த மதகுகளைச் சுற்றிப் பார்த்து, அவை இன்னும் உடைந்துதான் இருக்கின்றன என்று அறிக்கை எழுதுவது அவருடைய உத்தியோகமாகிவிட்டது. அரசாங்கம் அதற்கும் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம் ஆமியின் துவக்கு, அந்தப் பக்கம் இயக்கத்தின் துவக்கு. நடுவில் போய்வருகிறவனுக்கு இரண்டு பக்கமும் வாசல். வாசலில் நிற்பதற்கு ஒரு முறை இருந்தது. அதை ஒருவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை, ஆனால் அந்த நாட்களில் கொட்டியாரக் குடாவைத் தாண்டிப் போய்வந்த எல்லோருக்கும் அது மனப்பாடம். சென்றிக் காவலரண் கண்ணில் படுகிற தூரத்திலேயே சைக்கிளால் இறங்கிவிட வேண்டும். தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி எதுவும் இருக்கக்கூடாது. பையின் வாயைத் தானே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் முதல் ஆளாகவும் நிற்கக்கூடாது, கடைசி ஆளாகவும் நிற்கக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். தப்பித்தவறியும் திருப்பி ஒரு கேள்வி கேட்டுவிடக்கூடாது. லோஞ்சு ஏன் சேர் பிந்துது என்று வாய் தவறிக் கேட்ட ஒருவனைத் தனியாக ஒதுக்கிப் பின்னேரம் வரை வெயிலில் நிறுத்திய கதை எல்லோருக்கும் தெரியும்.

வீரசிங்கத்தாருக்கு இதெல்லாம் மற்றவர்களைவிட நன்றாக வந்தது. இயல்பிலேயே பேசாத மனிதர் என்பது ஒன்று. மற்றது, மகனுடைய விஷயம்.

ஒரே மகன், தவசீலன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவன். தொண்ணூறாம் ஆண்டு ஆமிச் சுற்றிவளைப்பில் பிடித்த இளைஞர்களோடு அவனையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக, அடிபட்டும் மெலிந்தும், வீடு வந்து சேர்ந்தார்கள். இவன் வரவில்லை. முகாமுக்குள் அவனைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். பிறகு காணவில்லை என்றும் அவர்களேதான் சொன்னார்கள்.

அந்தக் கிழமையே கந்தோரில் அவருக்கு மேலே இருந்த பெரியவர் கதவைச் சாத்திவிட்டுப் புத்தி சொன்னார். “நீர் அரசாங்க உத்தியோகத்தர். அங்கை போய் விசாரிச்சால் உம்மட பேரும் விழும். பேர் விழுந்தால் பாஸ் தரமாட்டாங்கள். பாஸ் இல்லாட்டி வேலை இல்லை. பொம்பிளையை அனுப்பும், தாய்க்காரியை ஒண்டும் செய்யமாட்டாங்கள்.” நல்ல மனதோடு சொன்ன புத்திதான். அந்தக் காலத்தில் நல்ல மனதோடு சொல்லப்பட்ட புத்தியெல்லாம் இந்த மாதிரித்தான் இருந்தது.

ஆகவே வள்ளியம்மா போனா. மாதத்தில் ஒரு சனிக்கிழமை முகாம் வாசலில் காணாமல்போனவர்களின் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வீரசிங்கத்தார் அவவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். வீதிக்கு இந்தப் பக்கம் நிற்கிற பூவரச மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். அவ வீதியைக் கடந்து உள்ளே போவா. ஒரு மணியோ இரண்டு மணியோ கழித்து வெளியே வருவா. என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கமாட்டார். அவவும் சொல்லமாட்டா. வருகிற முகத்திலேயே எல்லாம் எழுதியிருக்கும். இப்படி ஏழு வருடம்.

பயந்தாங்கொள்ளி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். முடிக்கிறவர்கள் அந்த வாசலில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு முடிக்கட்டும்.

விளையாட்டு வந்தது தொண்ணூற்றேழில். மூதூர் ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் வேலை செய்த ஒல்லாந்து நேர்ஸ் ஒருத்தி, ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டியை ஜவாஹிரிடம் விட்டுவிட்டுப் போனா. ஜவாஹிர் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிறவர். முப்பது முப்பத்தைந்து வயது, இங்கிலீசுப் புத்தகம் எது கிடைத்தாலும் விடமாட்டார். பெட்டிக்குள் ஒரு தடித்த புத்தகமும் கொஞ்சம் தாயக்கட்டைகளும் இருந்தன. ஆகாயக் கப்பலில் ஏறி வேறு உலகங்களுக்குப் போகிற விளையாட்டு அது. பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் கதைக்குள் போகிற ஆட்கள். இப்படி ஒரு இடம், இப்படி ஒருவன் எதிரே வருகிறான், என்ன செய்கிறீர்கள் என்று நடத்துகிறவர் கேட்பார். சொன்னதைச் செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் கட்டையை உருட்டவேண்டும்.

விளையாட நேரத்துக்குப் பஞ்சமில்லை. லோஞ்சு கடலில் ஓடுகிற நேரத்தைவிட, ஏறுவதற்கு முன் இறங்குதுறைக் கொட்டகையில் காத்துக் கிடக்கிற நேரம் கூட. கிழமைக்குக் கிழமை அதே மர வாங்கில் ஜவாஹிரோடு குந்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் வீரசிங்கத்தார். மற்றவ சித்தி பரீதா டீச்சர். டவுனில் வீடு, மூதூரில் பள்ளிக்கூடம், ஐம்பது வயது, பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டா. ஜவாஹிர் இரண்டு பேரையும் கதைக்குள் இழுத்துவிட்டார்.

“நான் கப்பித்தான்,” என்று டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னா. “இருபது வருஷமாப் பிள்ளைகளை மேய்க்கிறன். ஒரு கப்பலை மேய்க்க மாட்டனா?”

“அண்ணன், நீங்க?”

வீரசிங்கத்தார் யோசித்தார். “மேற்பார்வையாளர்.”

“ஆகாயத்துக்குப் போயுமா? அண்ணன், இது விளையாட்டு. ராசாவா இருக்கலாம், தளபதியா இருக்கலாம், கொள்ளைக்காரனா இருக்கலாம்.”

“கப்பலுக்குள்ளை தண்ணி போற குழாய் இருக்குமெல்லோ தம்பி. அதை ஒருத்தர் பார்க்கத்தானே வேணும்.”

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. ஜவாஹிர் தலையில் கை வைத்தார். ஆனாலும் குழாய் மேற்பார்வையாளர் கப்பலில் ஏற்றப்பட்டார்.

முதல் கிழமை கடற்படைப் பொடியன் ஒருவன் பையைச் சோதிக்கும்போது கட்டைகளை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். “மே மொகத?” என்றான், இது என்ன என்று. “லூடோ சேர்,” என்றார் ஜவாஹிர். பொடியன் உருட்டினான். ஆறு விழுந்தது. சிரித்தான். சிரித்ததை யாரும் பார்த்துவிட்டார்களோ என்று பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான். அதற்குப் பிறகு அவர்கள் எல்லோருக்கும் அது லூடோதான்.

புத்தகத்தில் இருந்த முதல் கதை ஒரு நகரத்தைப் பற்றியது. அந்த உலகத்து ஆட்களின் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஜவாஹிர் அவர்களுக்கு வாசல்காரர் என்று பெயர் வைத்தார். மனிதரைவிட உயரம், மூன்று கால், திருக்கைத் தோல். கழுத்தில் ஒரு பை. மனதில் இருப்பதைப் பொறுத்து அந்தப் பை நிறம் மாறும். நகரத்தைச் சுற்றி மதில், மதிலில் ஒரு வாசல், வாசலில் கோலோடு ஒரு காவல்காரன்.

“இப்ப விஷயம் என்னெண்டா,” என்றார் ஜவாஹிர் புத்தகத்தைப் பார்த்தபடி, “உங்கட கப்பல்ல வழிகாட்டிறவன் ஒருத்தன் போன பயணத்தில அந்த நகரத்துக்குள்ள போனவன். வெளிய வரல்ல. நீங்க போய் அவனைக் கூட்டிட்டு வரணும்.”

டீச்சர் ஜவாஹிரை முறைத்த முறைப்பில் பாவம் அந்த மனிதருக்குப் புத்தகம் கையிலிருந்து நழுவியது. வீரசிங்கத்தாரின் வீட்டுக் கதை அவருக்கும் தெரியும். வாசிக்கிற உற்சாகத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

“வேற கதை இல்லையா தம்பி அதுக்குள்ள?” என்றா டீச்சர்.

வீரசிங்கத்தார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பரவாயில்லை டீச்சர்,” என்றார். “விளையாட்டுத்தானே.”

அவர்கள் வாசலுக்குப் போனார்கள். எப்படிப் போனார்கள் என்கிறீர்கள்? வாசல் கண்ணில் பட்ட உடனேயே வண்டியால் இறங்கிவிட்டோம் என்று சொன்னார் மேற்பார்வையாளர். தொப்பியைக் கழற்றிவிட்டோம் என்றா கப்பித்தான். இரண்டு கையும் தெரியிற மாதிரி வைத்திருக்கிறோம். கப்பல் கடதாசிகளை மேலே எடுத்து வைத்திருக்கிறோம். தலையைக் குனிந்துகொண்டு, கூப்பிடும் வரைக்கும் தள்ளி நிற்கிறோம்.

காவல்காரனின் கழுத்துப் பை நீலமானது. கடதாசியை அவன் தொடவில்லை. ஆளுக்கு ஒரு மண் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர்கள் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றான். பிறகு கிண்ணங்களை வாங்கிக்கொண்டு போய் வாசலைச் சாத்திவிட்டான்.

“கடதாசி போதாது,” என்றார் வீரசிங்கத்தார். அடுத்த கிழமை வேறு கடதாசியோடு போனார்கள். தண்ணீர் வந்தது, வாசல் சாத்தியது. அதற்கடுத்த கிழமை டீச்சர் ஒரு யோசனை சொன்னா. “காவல் மாறுற நேரம் பார்த்துப் போவம். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, சில பொடியன்கள் நல்லவங்கள்.” காவல் மாறியது. புதிய காவல்காரனும் நீலமானான், தண்ணீர் கொடுத்தான், சாத்தினான்.

வரிசையில் நடுவில் நிற்கலாம் என்றால் அங்கே வரிசையே இல்லை. இவர்கள் இரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். பொம்பிளையை முன்னுக்கு விட்டுப் பார்த்தார்கள். சாமான் ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு போய்ப் பார்த்தார்கள். ஜவாஹிர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இவர்கள் பகிடிக்குச் செய்யவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

ஓய்ந்துபோன ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீரசிங்கத்தார் தானாகவே வாய் திறந்தார். அது பெரிய விஷயம். “தம்பி, மற்ற ஆக்கள் அந்த வாசலாலை போறாங்களா?”

“போறாங்க அண்ணன். எத்தனையோ பேர். அவங்களைக் கண்டா காவல்காரன்ட பை பச்சையாகும். வாசலைத் திறந்து விடுவான்.”

“அவங்கள் என்ன செய்யினம்?”

“ஏதோ பேசுறாங்க. என்ன பேசுறாங்க எண்டு உங்களுக்குக் கேக்காது. நீங்க தள்ளியெல்லோ நிக்கிறீங்க. கிட்டப் போய்க் கேக்கிறீங்களா?”

ஜவாஹிர் ஆவலோடு முன்னுக்குக் குனிந்தார். பாவம், கதவைத் தானே திறந்துவிட்டது போல அவருக்கு இருந்திருக்கும்.

“ஐயோ வேண்டாம்,” என்றார் வீரசிங்கத்தார் பதறி. “ஒட்டுக்கேக்கிறம் எண்டு நினைச்சுப்போடுவாங்கள்.”

“ஓம், ஓம். சும்மா பிரச்சினை,” என்றா டீச்சரும்.

ஜவாஹிர் புத்தகத்தை மூடிவிட்டார். அன்றைக்கு அதற்குமேல் விளையாடவில்லை.

இப்படியே சோளகக் காற்று முடிந்து மழையும் வந்துவிட்டது. மற்ற ஊர்களில் இந்த விளையாட்டை எப்படி விளையாடுவார்களோ தெரியாது. இவர்கள் அந்த வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் வீரசிங்கத்தாருக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. உடைந்த மதகடியில் குந்தியிருந்துகொண்டு நீலம் எதற்கு, பச்சை எதற்கு என்று யோசிப்பார். தண்ணீர் தருகிறவன் கெட்டவனாக இருக்கமாட்டான். பின்னே ஏன் உள்ளே விடுகிறான் இல்லை? அது எந்த மாதிரியான சனம்? வருகிறவனை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை, ஒன்று விசாரிக்கவும் இல்லை. அப்படி ஒரு வாசலை அவர் தன் சீவியத்தில் கண்டதில்லை. யோசிக்க யோசிக்க அலுப்புத்தான் மிஞ்சியது. வீட்டுக்கு வந்து குசினியில் வள்ளியம்மாவிடம் அதைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒருமுறை நினைத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மார்கழியில் ஜவாஹிருக்குக் கல்முனைக்கு மாற்றம் வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை மூதூர் இறங்குதுறையில் மூவரும் இருந்தார்கள். குடாவுக்குள் என்னவோ சத்தம் கேட்டது என்று லோஞ்சை நிறுத்தி வைத்திருந்தார்கள். மழை கொட்டகைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கோழிக் கூடையோடு வந்தவர்களும் பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்களும் தூங்கி வழிந்தார்கள்.

“போறத்துக்கு முன்னால சொல்லிட்டுப் போறன்,” என்றார் ஜவாஹிர். “இதை முதல் நாளே கண்டுபிடிச்சிருவாங்க எண்டுதான் புத்தகத்தில போட்டிரிக்கு. முதல் நாளே. நீங்க ஆறு மாசம்.”

“சொல்லித் துலையுங்க தம்பி,” என்றா டீச்சர்.

“வாசலுக்கு வாறவன்தான் முதல் கேக்கணும். அதுதான் அந்த ஊர் வழக்கம். காவல்காரன் ஒண்டும் கேக்க மாட்டான். கேட்டா அது மரியாதை இல்லை. எங்கட ஆள் உள்ள இரிக்கிறான், அவன் எங்க எண்டு வாயைத் திறந்து கேட்டாக் காணும். உடனே பச்சை. வாசல் திறக்கும். கடதாசியும் வேணாம், ஒண்டும் வேணாம்.”

“கேக்காட்டி?”

“கேக்காம வாசலில நிண்டா, எனக்கு உள்ள ஆரும் இல்லை எண்டு அவங்களுக்கு விளக்கம். இருந்த ஆளும் முடிஞ்சிட்டான், அதைச் சொல்லத்தான் வந்து நிக்கிறன் எண்டு நினைப்பாங்க. நீலம் அதுக்குத்தான். நீலம் துக்கம். அந்தத் தண்ணி, செத்த வீட்டுக்காரருக்குக் குடுக்கிற தண்ணி.”

டீச்சர் முதலில் சிரித்தா. “அட அல்லாஹ்வே. அவ்வளவுதானா? வாயைத் திறந்து ஒரு கேள்வி?” பிறகு சிரிப்பு எங்கோ போய்விட்டது. “தம்பி, அது எங்களுக்கு எப்பிடித் தோணும்? வாசலில நிக்கிறவனை எங்கட ஆக்கள் ஆராவது கேள்வி கேக்கிறதா? கனவிலயும் தோணாதே.”

“அதுதான் டீச்சர். எனக்கும் பிறகுதான் விளங்கினது. எழுதினவனுக்கு எங்களைத் தெரியாது.”

வீரசிங்கத்தார் கேட்டார். “அந்தப் பொடியன்?”

“எந்தப் பொடியன்?”

“உள்ளுக்குப் போனவன். வழிகாட்டிறவன். அவன் என்னவானவன்?”

ஜவாஹிர் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறக்காமலே தெரியும் போலிருந்தது. சொல்லலாமா என்று டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

“உயிரோட இரிக்கிறான் அண்ணன். மதிலுக்கு உள்பக்கம். ஒவ்வொரு முறையும் வாசலடிக்கு வந்து நிப்பானாம். அவன்ட பேரை ஆராவது கேக்கிறாங்களா எண்டு.”

வீரசிங்கத்தார் எழுந்து கொட்டகைக்கு வெளியே போனார். மழையில் நின்றார். குடை பையில்தான் இருந்தது. டீச்சர் ஜவாஹிரை ஏசத் தொடங்கினா, அரைவாசியில் விட்டுவிட்டா. வீரசிங்கத்தாருக்கு அழுகை வந்ததா என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, வந்திருக்கும். ஏழு வருடம் அடக்கி வைத்தது அது. வந்தே இருக்கும்.

இருட்டுகிற நேரம்தான் லோஞ்சை விட்டார்கள். அடுத்த நாள் சனிக்கிழமை. முகாமுக்குப் போகிற சனிக்கிழமை. வள்ளியம்மா குளித்து, வெள்ளை நிறச் சேலை உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினா. வழியில் ஒரு கதையும் இல்லை, வழக்கம் போல. பூவரச மரத்தடியில் இறங்கினா. வீதியைக் கடப்பதற்குக் கால் வைத்தபோது, அவர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுப் பின்னால் வருவதைக் கண்டா.

“எங்கை வாறியள்?”

“உள்ளுக்கு.”

“என்னத்துக்கு?”

“கேக்க.”

அவ அவரை ஏற இறங்கப் பார்த்தா. வேண்டாம் என்று சொல்ல வந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். அது அவருக்கும் தெரியும்.

உள்ளே ஒரு தகரக் கூரையின் கீழ் மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. பக்கத்துக் கதிரையில் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுக்கிற மனிதர். அவர் பல வருடமாக அங்கே இருப்பவர், வள்ளியம்மாவை நன்றாகத் தெரிந்தவர். வாங்கில் இருந்த தாய்மார் எல்லோரும் வீரசிங்கத்தாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பிளைகள் அங்கே வருவது அருமை.

“வாங்க அம்மா,” என்றார் அந்த மனிதர். “இவர் ஆர்? மரத்தடியில நிக்கிற அந்த அயல்வீட்டுக்காரர்தானே? ஏன் இண்டைக்கு உள்ளுக்கு வந்திருக்கிறார்?”

வீரசிங்கத்தார் ஒரு அடி முன்னுக்கு வைத்தார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செருமினார். பிறகு, பழக்கமில்லாத குரலில், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

“நான் தகப்பன். என்ட மகன் தவசீலன் எங்கை?”

அந்த மனிதர் சிங்களத்தில் சொல்லவில்லை. வள்ளியம்மாவைத்தான் பார்த்தார்.

“அம்மா, தகப்பன் உயிரோட இல்லை, மோசம் போயிட்டார் எண்டு நீங்கதானே சொன்னீங்க? ஒவ்வொரு முறையும் கேக்கக்குள்ள அதைத்தானே சொன்னீங்க?”

வாங்கில் இருந்த தாய்மார் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். வள்ளியம்மா தலையைக் குனியவில்லை.

“ஓம்,” என்றா. “சொன்னனான்.”

அதிகாரி என்ன என்று கேட்டார். அந்த மனிதர் சொன்னார். அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டு வீரசிங்கத்தாரை ஒரு முறை பார்த்தார். கோபப்படவில்லை. அவரும் களைத்துப்போன மனிதர்தான். ஏதோ சொன்னார்.

“இப்ப ஒண்டும் சொல்ல ஏலாதாம்,” என்றார் சொல்லிக் கொடுக்கிறவர். “வாற மாசம் வரட்டாம். வரக்குள்ள, நீங்க தகப்பன்தான், உயிரோடதான் இருக்கிறீங்க எண்டு ஊர் விதானையாரிட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வரட்டாம்.”

“மகன்?”

“அதுக்குப் பிறகு பாப்பமாம்.”

வெளியே வந்து வீதியைக் கடந்தார்கள். வீரசிங்கத்தார் சைக்கிளை எடுத்தார். வள்ளியம்மா ஏறவில்லை. அவரும் ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு பேரும் வீதியோரமாக நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று தேடிப் பார்த்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதுவும் காலிலிருந்து தலைவரைக்கும். உத்தியோகத்தைக் காப்பாற்றத்தான் சொல்லியிருப்பா. பேர் விழக்கூடாது என்று அவர்தானே சொல்லி வைத்தவர். அதைக் கேட்கத் தேவையில்லை. கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. அவருடைய சீவியத்தில் மனைவியிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சந்தி வரும் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டுவிட்டார்.

“எப்ப சொன்னனீ, நான் செத்துப்போனன் எண்டு?”

வள்ளியம்மா நின்று அவருடைய முகத்தை நேரே பார்த்தா. கன காலத்துக்குப் பிறகு பார்த்த பார்வை அது.

“முதல் நாளே,” என்றா. “திரும்பிப் பார்த்தனான். நீங்கள் வரேல்லை.”